ஸ்டாக் எஞ்சினுக்கு எந்த அளவு சூப்பர்சார்ஜர் பொருந்தும்? – வாசகர் கடிதத்துக்கு ஒரு வாகனப் பொறியாளரின் பதில்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து 31 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஜூரோங் தீவில் ஷிஃப்ட் வேலை. வைத்திருப்பது 2013-இல் பதிவான டொயோட்டா 86, ஆறு கியர் மேனுவல். சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். எஞ்சினை இதுவரை யாரும் திறந்ததில்லை; தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் ஸ்டாக் எஞ்சின்.

அவருடைய குறை இதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 முதல் 4,500 சுற்று வரை சுற்றும்போது வண்டி சோர்ந்துபோகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் 90-இல் நான்காவது கியரில் போகும்போதும், மலேசிய நெடுஞ்சாலையில் 110-இல் ஐந்தாவது கியரில் லாரியை முந்தும்போதும், மிதித்தால் இழுவை இல்லை. அதனால் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) போட முடிவு செய்து இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறார். ஒன்று, இந்த வண்டிக்கென்றே தயாரான முழு கிட். அதில் ஈட்டன் நிறுவனத்தின் 1320 மாடல் இருக்கிறது. இன்னொன்று, ஒரு வி8 எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய ஈட்டன் 1900. அதன் விலை 4,500 வெள்ளி. பிராக்கெட்டைத் தாங்களே செய்து பொருத்தித் தருவதாக மலேசியாவின் ஜொகூரில் ஒரு பட்டறை சொல்லியிருக்கிறது. "பெரிசா இருந்தா மெதுவா சுத்தும், சூடே ஆகாது. நாளைக்கு எஞ்சினைப் பலமான பாகம் போட்டுக் கட்டினாலும் இதையே வச்சுக்கலாம்" என்பது பட்டறைக்காரரின் வாதம்.

அவருடைய மச்சான் முன்பு ஓட்டிய மினி கூப்பர் எஸ், 0.8 பார் பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தத்தில்) பல வருடம் பழுதில்லாமல் ஓடியதாம். "எனக்கு 0.7 போதும். விக்கொம் நிலையத்தின் வாகனப் பரிசோதனைக்கு முன்னால் கழற்றிவிட்டு, அப்புறம் மாட்டிக்கொள்கிறேன். எந்த அளவை வாங்கலாம்? சென்ட்ரிஃபியூகல் வகை நல்லதா? வீட்டில் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, விவரமாக எழுதியதற்கு நன்றி. எத்தனை சுற்றில், எந்த கியரில், எந்த வேகத்தில் சோர்கிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்பவர்கள் குறைவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1900-ஐ வாங்காதீர்கள். 1320 கிட்டையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

அளவு என்பது எதைக் குறிக்கிறது

ஈட்டனின் 1320 ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.32 லிட்டர் காற்றைத் தள்ளும். 1900 என்றால் 1.9 லிட்டர். உங்கள் எஞ்சின் 1,998 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். அதாவது ஒரு சுற்றுக்கு அது குடிப்பது சுமார் 1 லிட்டர். சூப்பர்சார்ஜர் அதைவிட எவ்வளவு கூடுதலாகத் தள்ளுகிறதோ, அதுதான் இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியில், அழுத்தமாக, பூஸ்ட்டாக நிற்கிறது.

ஆக, பூஸ்டைத் தீர்மானிப்பது அளவு மட்டும் இல்லை. எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது சூப்பர்சார்ஜர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அந்த விகிதம் புல்லிகளின், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்களின், விட்டத்தில் இருக்கிறது. 0.4 பார் அளவுக்கு மிதமான பூஸ்ட் வேண்டுமானால், 1320 உங்கள் எஞ்சினோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றினால் போதும். 1900 என்றால் ஒன்றுக்கு 0.7 சுற்றுதான் தேவை.

பட்டறைக்காரர் "மெதுவா சுத்தும்" என்று சொல்வது இதைத்தான். அதில் பாதி உண்மை. இப்போது புல்லியைப் பாருங்கள். எஞ்சின் பக்கத்துப் புல்லி 140 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.7 விகிதம் வர சூப்பர்சார்ஜர் பக்கத்தில் 200 மில்லிமீட்டர் புல்லி வேண்டும். உங்கள் பானெட்டின் கீழ் அதற்கு இடம் கிடையாது. சரி, வி8-இலிருந்து வந்த சின்னப் புல்லியையே, ஒரு 80 மில்லிமீட்டர் என்று வைத்து, அப்படியே மாட்டினால்? விகிதம் 1.75. ஒரு சுற்றுக்கு 3.3 லிட்டர் காற்று, 1 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குள் திணிக்கப்படும். எந்த ஸ்டாக் எஞ்சினும் அதைத் தாங்காது.

இந்த 1.9 லிட்டர் சாதனம் எங்கே வேலை செய்தது தெரியுமா? கேடிலாக் சிடிஎஸ்-வியின் 6.2 லிட்டர் வி8-இல். ஜாகுவாரின் 5 லிட்டர் வி8-இலும் இதே அளவுதான். ஆடி தன் 3 லிட்டர் வி6-க்கே 1320 போதும் என்று முடிவு செய்தது. உங்கள் 2 லிட்டருக்கு 1320-ஐயே யாரும் சின்னது என்று சொல்ல முடியாது.

பட்டறைக்காரர் சொல்லாமல் விட்ட மறுபாதியும் உண்டு. இந்த ஈட்டன் மாடல்கள் ரூட்ஸ் வகை; சுழலும் இரண்டு ரோட்டர்கள் காற்றைத் தள்ளும். அந்த ரோட்டர்களுக்கு இடையே மெல்லிய இடைவெளி இருக்கும். அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பங்கு அந்த வழியாகப் பின்னால் கசியும். வேகமாகச் சுற்றும்போது இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. மெதுவாகச் சுற்றினால், தள்ளிய காற்றில் கணிசமான பங்கு திரும்பி வந்து, மறுபடி அழுத்தப்பட்டு, இன்னும் சூடாகும். 1900-ஐ 0.7 விகிதத்தில் ஓட்டினால், எஞ்சின் 2,000 சுற்றில் இருக்கும்போது அது 1,400-இல்தான் சுற்றும். உங்களுக்கு இழுவை எங்கே வேண்டுமோ, அந்தக் கீழ்ச்சுற்றுகளில்தான் அது மிகவும் திறனற்று இயங்கும்.

மச்சானின் மினி ஏன் அளவுகோல் ஆகாது

மச்சானுடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. 2002 முதல் 2006 வரை வந்த அந்த மினி கூப்பர் எஸ், 1.6 லிட்டர் எஞ்சினில் ஈட்டன் எம்45 வைத்து, தொழிற்சாலையிலிருந்தே 0.8 பார் அளவில்தான் வந்தது. ஆனால் சூப்பர்சார்ஜருக்காகவே அந்த எஞ்சினின் கம்ப்ரஷனை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதத்தை) 8.3-ஆகக் குறைத்திருந்தார்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண கூப்பரில் அது 10-ஐத் தாண்டும். உங்கள் 86-இல் கம்ப்ரஷன் 12.5. வெளிக்காற்றை மட்டுமே நம்பி 200 குதிரைசக்தி எடுப்பதற்காக எஞ்சின் அவ்வளவு இறுக்கமாக வடிவமைக்கப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு தோராயக் கணக்கு: கம்ப்ரஷனை இன்டேக் அழுத்தத்தால் (வெளிக்காற்றின் 1 பாரோடு பூஸ்டையும் சேர்த்தது) பெருக்குங்கள். மினிக்கு 8.3 × 1.8, சுமார் 15. உங்கள் வண்டிக்கு 0.4 பாரிலேயே 12.5 × 1.4, அதாவது 17.5. நீங்கள் கேட்கும் 0.7 பாரில் 21-ஐத் தாண்டுகிறது. பூஸ்ட் மீட்டரில் உங்கள் எண் மச்சானுடையதைவிடச் சின்னதாகத் தெரியும். சிலிண்டருக்குள் நிலைமை அதைவிட மோசம்.

இதோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் 32 டிகிரியில் எஞ்சின் இழுக்கும் காற்றை, 60 விழுக்காடு திறனில் 0.4 பாருக்கு அழுத்தினால் அது 80 டிகிரியைத் தாண்டும். 0.7 பாரில் 115 டிகிரி வரை போகும். இன்டர்கூலர் அதைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் இன்டர்கூலரைத் தொட்டுப்போவதும் நம் ஊரின் வெப்பமான காற்றுதானே. துவாஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, அந்தப் பக்கம் போனதும் முழுதாக மிதிக்கிறீர்கள் என்றால், பானெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

சூடான, இறுகிய கலவை, தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவி வந்து சேரும் முன்பே தானாக வெடிப்பதைத்தான் நாக்கிங் என்கிறோம். ஒரு முறை பலமாக நடந்தாலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம். இன்னொரு பக்கம், இழுவை கூடும்போது பிஸ்டனின் விசையைக் கடத்தும் கனெக்டிங் ராடின் மீது ஏறும் சுமையும் கூடும். ஸ்டாக் எஞ்சினில் பயப்பட வேண்டிய இடங்கள் இவைதான். ஹெட்டுக்குத் தடித்த கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளி கூடிவிடும். கலவை சரியாகச் சுழலாது. நாக்கிங்கைத் தடுக்கும் ஒரு நல்ல அம்சம் கெட்டுவிடும்.

பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டு (எண் கூடினால் நாக்கிங் அபாயம் குறையும்), அதற்கேற்ப எஞ்சின் கணினியை டியூன் செய்வார்கள். எல்லையைத் தாண்டும் வண்டியில் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்ற விதிப்படி நிரப்பிக்கொண்டு போய், பினாங்கு வரை போனால் நடுவில் கட்டாயம் மறுபடி நிரப்ப வேண்டும். வெளிநாட்டு வண்டிகள் வாங்கக்கூடியதில் அங்கே பரவலாகக் கிடைப்பது 97. மிச்சமே வைக்காமல் 98-க்கு டியூன் செய்த எஞ்சினில் 97-ஐ ஊற்றி, மதிய வெயிலில் ஏற்றத்தில் லாரியை முந்தினால், நாக்கிங்குக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். அனுமதி கிடைத்து எப்போதாவது கிட் போட்டால், 97-க்கு டியூன் செய்யச் சொல்லுங்கள். சில குதிரைசக்தி குறையும். குறையட்டும்.

சென்ட்ரிஃபியூகல் வகை

இதில் ரோட்டர்களுக்குப் பதிலாக வேகமாகச் சுழலும் விசிறி போன்ற சக்கரம் காற்றைத் தள்ளும். இதன் பூஸ்ட், சுற்றின் இருமடியில் ஏறும். 7,400 சுற்றில் 0.4 பார் தரும்படி வைத்தால், 4,000 சுற்றில் கிடைப்பது சுமார் 0.12 பார்தான். கீழ்ச்சுற்றில் ராடுக்கு அதிகச் சுமை இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் நீங்கள் நிரப்ப நினைத்த பள்ளம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மேல்சுற்றில் பாயும் வண்டி வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்க்கவில்லை.

சட்டமும் காப்புறுதியும்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனைக்கு முன் கழற்றிவிட்டு, அப்புறம் மாட்டிக்கொள்வதை ஒரு தந்திரம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அனுமதியில்லாத மாற்றத்தோடு வண்டி சாலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் குற்றம்தான். பரிசோதனை நாளுக்கு மட்டுமான விதி இல்லை அது. முதல் முறை பிடிபட்டாலே அபராதம் அல்லது சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடி பிடிபட்டால் தண்டனை இன்னும் கூடும். பொருத்தும் வேலையை ஜொகூரில் செய்தாலும் வண்டி சிங்கப்பூர்ப் பதிவு. எல்லையைத் தாண்டித் திரும்பிய நிமிடத்திலிருந்து இங்குள்ள சட்டம்தான். பத்து வயதைத் தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை வரும். ஒவ்வோர் ஆண்டும் சூப்பர்சார்ஜரைக் கழற்றி, எரிபொருள் அமைப்பையும் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனையும் பழையபடி மாற்றி, பிறகு மறுபடி மாட்டும்போது ஏதாவது ஒரு குழாய் சரியாக உட்காராமல் போகும். எரிபொருள் கலவை தப்பி எஞ்சின் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னத் தவறுகளால்தான்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை காப்புறுதி. நிறுவனத்துக்குச் சொல்லாமல் எஞ்சினை மாற்றியிருப்பது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை அவர்கள் மறுக்கலாம். காயம்பட்ட மூன்றாம் தரப்புக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. ஒருவரின் மருத்துவச் செலவும் அவர் இழந்த சம்பளமும் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். 4,500 வெள்ளியில் மலிவாக முடித்த கணக்கு அங்கே எடுபடாது.

மனைவியிடம் சொல்லவில்லை என்றீர்கள். விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் திரும்பக் கேட்கும் அந்தத் தொகை, குடும்பத்தின் தலையில் கடனாக விழக்கூடியது. அதனால் முடிவெடுப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். அதே வண்டியில்தானே அவரும் வருகிறார்.

உங்கள் உண்மையான குறைக்கு வருவோம்

நீங்கள் சொல்லும் சோர்வு கற்பனை இல்லை. இந்த எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) வளைவில் 3,500-க்கும் 4,500-க்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பது 86 ஓட்டுபவர்கள் பலருக்கும் தெரிந்த சங்கதி. உங்கள் கடிதத்தில் இருந்த கியரையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைனல் டிரைவ் 4.1, டயர் 17 அங்குலம். 90 கிலோமீட்டரில் நான்காவது கியரில் எஞ்சின் சுமார் 3,800 சுற்றில் இருக்கிறது. 110-இல் ஐந்தாவது கியரிலும் கிட்டத்தட்ட அதே 3,800. இரண்டு சாலையிலும் நீங்கள் பள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டு மிதிக்கிறீர்கள்.

90-இல் மூன்றாவது கியருக்கு இறங்குங்கள். சுற்று 4,900 பக்கம் போகும், பள்ளத்தைத் தாண்டிவிடும். 110-இல் நான்காவது போட்டால் சுமார் 4,700. மூன்றாவதும் போடலாம், 6,000-ஐ நெருங்கும். 7,400 வரை போகும் எஞ்சினுக்கு அது சிரமமே இல்லை. சத்தம் கூடும், அவ்வளவுதான். மேனுவல் கியர் வண்டியை ஆசைப்பட்டு வாங்கியவர் நீங்கள். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் குறை இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள்.

அது போதவில்லை என்றால் அடுத்த படி, இசியு டியூனும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும். அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்ப இதனால் முடியும். ஆனால் எக்ஸாஸ்டுக்கும் ஆணையத்தின் விதிகள் உண்டு. புகை அளவும் சத்தமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். முதலில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மனம் சூப்பர்சார்ஜரிலேயே நின்றால், போகக்கூடிய ஒரே வழி இது. 1320 கிட் விற்பவரிடம், உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தும் தொழில்நுட்ப ஆவணங்களையும் புகைச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். தர மறுத்தாலோ "அதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். கொடுத்தால், அவற்றை இணைத்து ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள். அனுமதி வந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, ஏற்றுக்கொள்கிறோம் என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் இந்த யோசனையை விட்டுவிட வேண்டும். "பரவாயில்லை, யாருக்குத் தெரியும்" என்ற இடத்துக்குப் போகக் கூடாது.

அனுமதியோடு போடும்போது எஞ்சின் விஷயத்தில் நான் வைக்கும் எல்லைகள்:

- பூஸ்ட் 0.4 பாருக்கு மேல் வேண்டாம். அதிலேயே 200 குதிரைசக்தி ஏறக்குறைய 260 ஆகும். நீங்கள் கேட்ட நடுச்சுற்று இழுவையும் வரும். 0.7 பாருக்குப் போனால், சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். என் கணக்கில் 12 குதிரைசக்தி 22 ஆகிறது. அத்தனையும் காற்றைச் சூடாக்கவே போகிறது.
- கிட் போடுவதற்கு முன் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனையும், காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்யுங்கள். பத்தாண்டுக்கு மேல் ஓடிய எஞ்சின் இது. ஒரு சிலிண்டர் மற்றவற்றிலிருந்து விலகி நின்றாலும் வேலையை நிறுத்திவிடுங்கள்.
- இன்டர்கூலர் இல்லாத கிட் வேண்டாம். ஆயில் கூலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அது இல்லாமல் போகவே போகாதீர்கள்.
- டியூன் முடிந்ததும் நாக்கிங், காற்று-எரிபொருள் விகிதம், இன்டேக் வெப்பம் ஆகிய மூன்றின் பதிவையும் கேட்டு வாங்குங்கள். குளிரூட்டிய அறையில் ஒரு முறை ஓட்டி எடுத்த பதிவு போதாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு தொடர்ந்து சில முறை ஓட்டி எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஸ்டாக் கிளட்ச் கூடுதல் இழுவையில் வழுக்கத் தொடங்கலாம். அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். பெட்ரோல் செலவு சீரான ஓட்டத்தில் பெரிதாக அதிகரிக்காது. மெதுவாக மிதிக்கும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிடும்.

ஜொகூர்ப் பட்டறையில் 1900-க்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே பேசித் திரும்பக் கேளுங்கள். பிராக்கெட் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அதைத் திரும்ப வாங்குவது கடினமாகிவிடும்.